எங்கள் ஊரில் ஓடாத ஆறு

மலாக்காவில் சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் நான். ஆனால் "எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. நான் கண்ணாலும் பார்த்திராத, புதுக்கோட்டைப் பக்கத்து அப்பாவின் கிராமத்தைத்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இதில் தீராத வயிற்றெரிச்சல். அவள் காவிரிக்கரைக்காரி. "குடிக்கத் தண்ணியில்லாத பொட்டக்காடு, அதுக்குப் பெருமை வேற" என்பாள். அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார். பிறகு பசி பொறுக்காமல் அவரே இழுத்துக்கொள்வார்.

ரப்பர் விலை படுத்துக்கிடந்த வருஷம் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு மலாக்கா டவுனில் அச்சுக்கூட வேலை. கோயில் திருவிழாவில் அவரை முன்பே பார்த்திருந்தேன், மிகவும் பிடித்திருந்தது. வெளியே சொன்னால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். இறந்துபோன அவருடைய அப்பா எங்கள் அப்பாவின் ஊர்க்காரர். புருஷன் ஊர்ப் பெண்தான் மருமகளாக வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா ஒற்றைக்காலில் நின்றாராம்.

அந்த வாரம் முழுவதும் அப்பா எனக்கு ஊரைப் பாடமாக்கினார். அய்யனார் கோயில் மேற்கே, புளியந்தோப்பு வடக்கே. தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டும்போதுகூட அதையே முணுமுணுத்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று கோப்பித் தட்டோடு போய் நின்றதும் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "அய்யனார் கோயிலுக்குப் பின்னால என்ன இருக்கு, சொல்லு பாப்போம்."

அது பாடத்தில் இல்லை. மாப்பிள்ளை வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் அம்மாவின் ஊருக்கு ஓடிவிட்டது.

"ஆறுங்க. மழைக்காலத்துல பரிசல் போவும்."

அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் போயிற்று என்று எனக்கு அழுகை முட்டியது.

அந்தம்மா நிதானமாகத் தலையாட்டினார். "அதே ஆறுதான். நான் எத்தனை தடவ குளிச்சிருக்கேன்."

மறுத்தால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று அப்பா வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா, "உங்க ஊரு ஆத்துல இப்ப தண்ணி எம்புட்டுங்க?" என்று கேட்டே அவரை வறுத்தெடுத்தாள்.

கல்யாணமான மூன்றாம் மாதம் மாமியாரோடு மீன் கழுவிக்கொண்டிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "அத்தை, அந்த ஊர்ல ஆறே கெடையாது" என்றேன்.

"கெடையாதா?" மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். "நான் இங்க, மலாக்கா செர்காம்ல பொறந்தவடி. அந்த ஊர யாரு பாத்தா? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு யாரும் நெனச்சிடக் கூடாதேன்னுதான் உன்னைக் கேள்வி கேட்டேன். நீ ஆறுன்னதும் எனக்குத்தான் பயம். ஆறு இல்லேன்னு நான் சொல்லி, நெசமாவே இருந்துட்டா?"

கையெல்லாம் மீன் செதிலோடு இருவரும் சிரித்தோம். அதுவரை அங்கே விருந்தாளியைப் போலப் பயந்து பயந்துதான் இருந்தேன். அன்று அந்தப் பயம் போயிற்று.

பின்னாளில் என் மூத்தவள் நமக்கு எந்த ஊர் என்று கேட்டாள். நான் வாயெடுக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார்.

"நான் செர்காம், ஒங்கம்மா சிம்பாங் அம்பாட். பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா மட்டும் ஆத்தங்கரைன்னு சொல்லு."