துளுக்குக் கேட்கும் கை

வெண்ணந்தூருக்குத் தெற்கே நாலு மைலில் இருந்த அங்காளம்மன் கோயிலில் கிடாய் வெட்டுவது சென்றாயனின் வேலை. அப்பன் செத்த வருஷம், பத்தொன்பதாம் வயதில், அரிவாள் அவன் கைக்கு வந்தது. பிறகு பதினெட்டு மாசித் திருவிழாக்கள் போய்விட்டன. வருஷத்துக்கு நாற்பது கிடாய், நல்ல மழை பெய்த வருஷம் ஐம்பது. மற்ற நாட்களில் அவன் சோளக்காட்டில் குனிந்து கிடக்கிற ஆள். மாட்டை ஒரு சுள்ளியால்கூடத் தட்டமாட்டான். வீட்டில் கோழி அடிப்பதென்றால் பெண்டாட்டி பொன்னாயிதான் கழுத்தைத் திருக வேண்டும்.

"ஊருக் கெடாயெல்லாம் வெட்டுவாரு, ஊட்டுக் கோழின்னா ஒதுங்கிக்குவாரு" என்று அவள் கேலி பேசுவாள்.

அவனுக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. கோழியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கிடாயிடம் கேட்கிறார்கள். மஞ்சள் நீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றிவிட்டு ஊரே காத்து நிற்கும். கிடாய் உடம்பை உதறிச் சிலிர்க்க வேண்டும். அதற்குத் துளுக்கு என்று பெயர். துளுக்கிவிட்டால் சாமியும் சம்மதித்தது, கிடாயும் சம்மதித்தது. துளுக்காவிட்டால் இன்னொரு சொம்பு ஊற்ற வேண்டியதுதான். சென்றாயனுக்குப் பேர் கிடைத்ததே இதில்தான். உதறிய நீர் மண்ணில் விழுவதற்குள் அவன் அரிவாள் இறங்கியிருக்கும். தூக்க வேண்டும் என்று அவன் நினைப்பதில்லை. கண் பார்க்கும், கை போகும்.

1936ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு மத்தியானம், கிணற்றடியில் ஆட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துக் காட்டுக்காரனும் பங்காளியுமான சின்னண்ணன் மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்து முடித்துவிட்டு, தொட்டியில் தேங்கிய தண்ணீரில் தலையை முக்கினான். பத்து நாளுக்கு முன்னால்தான் அவன் ஏர் ஓட்டும் சாக்கில் பொது வரப்பை அரை முழம் தின்றிருந்தான். இரண்டு வார்த்தை தடித்தது. போனால் போகிறது என்று சென்றாயன்தான் திரும்பி வந்தான்.

சின்னண்ணன் முதுகைக் காட்டியபடி நிமிர்ந்து, தலையை உதறினான்.

சென்றாயனின் அரிவாள் சின்னண்ணன் பிடரிக்கு மேலே ஓங்கி நின்றது. அது எப்படி அங்கே போனது என்று சென்றாயனுக்கே தெரியவில்லை.

"தண்ணி சில்லுன்னு கெடக்குது பங்காளி, நீயும் முங்கிட்டுப் போ" என்றான் சின்னண்ணன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. அவன் திரும்புவதற்குள் ஓங்கிய கை சும்மா கீழே இறங்கிவிட்டது.

அன்றிலிருந்து சென்றாயனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. களை எடுக்கப் போனால் பாதியில் எழுந்து வருவான். சாப்பிட உட்கார்ந்தால் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பதினெட்டு வருஷப் பழக்கம், உதறலைப் பார்த்ததும் தூக்கிவிட்டது என்று பழியைக் கையின் மேல் போட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் மனசு எங்கே இருந்தது என்று தேடினால், வரப்பில்தான் இருந்தது. அப்படியானால் கை என்ன தப்புப் பண்ணியது? உள்ளே இருந்தவன் சொன்னதைக் கேட்டது. பிறக்கும்போதே உள்ளே ஒருத்தன் அரிவாளோடு வந்து உட்கார்ந்திருக்கிறானா?

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த பெண் ஆத்தாயிக்கு ஒன்றரை வயது. பொழுது சாயும் நேரத்தில் பொன்னாயி அவளை வாசல் கல்லில் நிறுத்தித் தண்ணீர் வார்ப்பாள். சொம்பை எடுத்தாலே சென்றாயன் எழுந்து காட்டுப் பக்கம் போய்விடுவான். நாலைந்து நாள் பார்த்தாள் பொன்னாயி.

"ஏனுங்க, புள்ளைக்குத் தண்ணி வாத்தா உங்கள காடு கூப்புடுதா?"

கிணற்றடியில் நடந்ததை அவன் சொல்லிவிட்டான். அவள் கம்பு இடிப்பதை நிறுத்தவில்லை.

"வெட்டலீல்ல?"

"வெட்டல. தூக்கிருச்சே, பொன்னாயி."

"இவ பொறந்த மூணாம் மாசம் ஓயாம அழுதாளே, நெனப்பிருக்குதா? ஒரு நா கெணத்து மேட்டுல நின்னுக்கிட்டு, இவள உள்ள போட்டுட்டா என்னன்னு எனக்கு வந்துச்சு. நல்லாவே வந்துச்சு. அப்பறம் ஊட்டுக்கு வந்து களி கிண்டுனேன்."

அவன் அவளைப் பார்த்தான்.

"என்ன பாக்கறீங்க? உங்களுக்கு மட்டுந்தான் வரும்னு இருந்தீங்களா?"

இது அவனைத் தேற்றவில்லை. பயப்பட வேண்டிய ஆள் வீட்டில் இப்போது இரண்டானது, அவ்வளவுதான்.

மாசித் திருவிழாவில் ஊர்ப் பெரியவர் அருணகிரி அரிவாளை நீட்டியபோது அவன் வாங்கவில்லை.

"என்னால ஆகாதுங்க. கை சரியில்லீங்க."

"கட்டி நிக்கற கெடாய என்ன பண்றது, கொஞ்சறதா?" என்றார் அவர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன் சின்னண்ணன். "பங்காளி கைக்கு ஒண்ணுன்னா பங்காளிதான வரோணும். குடுங்க."

முதல் கிடாய்க்கு மூன்று வெட்டு ஆனது. ஓரமாகப் போய்க் குமட்டிவிட்டு வந்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவதற்கு இரண்டு வெட்டு. ஆறாவது கிடாய் ஒரே வெட்டில் விழுந்தபோது கூட்டம் சீழ்க்கை அடித்தது. அதன் பிறகு சின்னண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான், பேச்சும் வந்துவிட்டது. "அடுத்தத இழுங்கடா" என்றான். பதினாலாவது கிடாயின் மேல் தண்ணீர் ஊற்றினார்கள். அது சும்மா நின்றது. அவன் வெட்டிவிட்டான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சென்றாயன் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சின்னண்ணனுக்குப் பதினெட்டு வருஷம் தேவைப்படவில்லை. ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது எங்கே கிடந்து வந்தது? பதினைந்தாவதற்கு அரிவாள் உயர்ந்தபோது, சென்றாயன் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"துளுக்கல."

"எல்லாம் துளுக்குச்சு, உடு பங்காளி."

"துளுக்கலீன்னு சொல்றேன். முந்துனதும் துளுக்கல. குடு இங்க. மிச்சத்த நாம் பாத்துக்கறேன்."

மூன்று சொம்பு ஊற்றவேண்டி வந்தது. கிடாய் துளுக்கிய கணத்தில் கை பழைய வேகத்தில் எழப் பார்த்தது. அதைத் தொடையோடு அழுத்தி வைத்தான். உதறிய நீரெல்லாம் மண்ணில் விழட்டும் என்று விட்டு, மூச்சு வாங்கி, நான் தூக்குகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தூக்கினான். மிச்சக் கிடாய்கள் அத்தனைக்கும் அப்படியே. வெயில் ஏறிவிட்டது.

"சென்றாயனுக்குக் கை விழுந்துபோச்சு" என்றார் ஒருவர்.

"அவங்கப்பன் பேர இப்படியா கெடுக்கறது" என்றார் இன்னொருவர்.

அவன் காதில் எல்லாம் விழுந்தது. அதன் பிறகும் பல மாசிகள் அவன்தான் வெட்டினான். பழைய பேர் மட்டும் திரும்பவில்லை.

அன்று அவன் வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஆத்தாயி கல்லில் நின்றுகொண்டிருந்தாள். பொன்னாயி கடைசிச் சொம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் காட்டுப் பக்கம் திரும்பவில்லை. வாசலிலேயே நின்றான்.

"சும்மா நிக்கறதுக்குப் புள்ளையப் புடிங்க. துண்டு எடுத்தாரேன்."

ஈரப் பிள்ளையை அவன் இடது இடுப்பில் ஏற்றிவிட்டு அவள் உள்ளே போனாள். ஆத்தாயி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தலையை உதறினாள். அவன் முகமெல்லாம் நீர். வலது தோளுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. அசைந்தது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. அவன் பிள்ளையை இடது இடுப்பிலிருந்து எடுத்து வலது இடுப்பில் வைத்து, அந்தக் கையாலேயே அணைத்துக்கொண்டு, துண்டு வரட்டும் என்று நின்றான்.