ஒரு கார்டா, இரண்டு கார்டா

இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோலத் திரையில் காட்டுவதுதான் எங்கள் தொழில். மைசூரில் வாடகை வீட்டின் முன்னறையில் நானும் மனைவியும் அதைச் செய்கிறோம். சுவரும் கூரையும் என் பொறுப்பு. வெளிச்சமும் வண்ணமும் அவளுடையது. போன மழைக்காலத்தில் எங்கள் கணினியில் படங்களை உருவாக்கித் தரும் கிராஃபிக்ஸ் கார்டு படுத்துவிட்டது. குண்டலுபேட்டையிலிருந்து ஒரு தம்பதி தங்கள் வீட்டைப் பார்க்க அந்த வாரம்தான் வரவிருந்தார்கள்.

பழைய கணினிப் பொருட்கள் விற்கும் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் நீளமான கார்டு ஒன்றை எடுத்து வைத்தார். ஒரே பலகையில் இரண்டு பிராசஸர்கள்; செங்கல் கனம் கனத்தது. கையில் வாங்கியதுமே எனக்கு ஆசை வந்துவிட்டது. பக்கத்தில் இரண்டு சாதாரண கார்டுகளும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஏறக்குறைய அதே வேகம் வரும் என்றார்.

“இந்தப் பெரிய கார்டுல ஒரு பக்கம் கெட்டுப்போச்சுன்னா?” என்று மனைவி கேட்டாள்.

“பூரா கார்டும் போச்சு மேடம்.”

“அப்ப ரெண்டு கார்டே எடுத்துக்கலாமுங்க,” என்றாள் என்னிடம். அவள் கொள்ளேகால்காரி; பிடிவாதத்திலும் மரியாதை குறையாது.

“ரெண்டுன்னா ரெண்டு இடத்தை அடைக்கும். இது ஒண்ணோட முடிஞ்சிரும்,” என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். “ஒரு நாள் போட்டுப் பாருங்க சார். சரிப்படலைன்னா மாத்திக்கலாம், பரவாயில்ல.”

வீட்டில் அதைப் பொருத்தியதும் கணினிப் பெட்டியின் மூடி மூடவில்லை. வேலையை ஓட்டியதும் விசிறிகள் அலறின. மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கிவந்து, கீழே மாவு மில் வைத்துவிட்டீர்களா என்று கன்னடத்தில் விசாரித்தார். அறை கொதித்தது. மழையில் காயாத துண்டை மனைவி கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் விரித்தாள்.

“இதுக்காச்சும் ஆகுதுங்களே!”

பாதிப் படம் வருவதற்குள் சூடு தாங்காமல் கணினி அணைந்தது. மறுபடி போட்டோம், மறுபடி அணைந்தது. “ரெண்டு கார்டே வாங்கிடலாம்,” என்று நானே சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

மாற்றி வாங்கிவந்த இரண்டு கார்டுகளும் சத்தமில்லாமல் வேலை பார்த்தன. தம்பதி வருவதற்கு முந்தின நாள் மாலை ஒன்றின் விசிறி நின்றுபோனது. அதைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓட்டினோம். மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் நிற்கவில்லை. மறுநாள் கடைசிப் படம் முடிந்தபோது அவர்கள் வாசலில் ஈரக் குடையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முன்னறை, படுக்கையறை என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருடைய மனைவியோ சமையலறைப் படத்தில் ஜன்னல்மேல் விரலை வைத்தார்.

“இதக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க. தெருவுல யாரு வர்றாங்கன்னு தெரியணும்.”

“நான்தான் வருவேன். வேற யாரு?” என்றார் கணவர்.

“அதத்தான் பாக்கணுங்கறேன்.”

அவர் வெட்கத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலைப் பெரிதாக்கிப் புதுப்படம் வருவதற்குள் இரண்டாவது காபியும் ஆகிவிட்டது. படம் வந்ததும் அந்த அம்மாள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.