ஆடிக்கு முன் கழற்றிய முட்டுத்தடிகள்

கடந்த ஆடி மாதம் இரண்டாம் கிழமை, வியாழனும் வெள்ளியுமாக இரண்டு நாள் வன்னிக்குப் போய் வந்தேன். சுற்றுலா இல்லை, ஊக்குவிப்பு. நான் திருகோணமலையில் இருக்கும் கட்டடப் பொறியியலாளர். வயது நாற்பத்திரண்டு, வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயை நம்பி, கட்டடத் தொழிலில் சொந்தமாக இறங்கும் இளையவர்களுக்கு நடக்கும் வகுப்பு ஒன்றுக்கு என்னை வருடத்தில் ஒரு தடவை கிளிநொச்சிக்குக் கூப்பிடுகிறார்கள். "தொழிலில் வெல்வது எப்படி" என்று ஒரு மணித்தியாலம் பேச வேண்டும். பேசிவிட்டு வந்துவிடலாம். பேச்சுக்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் என்னைக் கேட்பதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை.

இந்த முறை ஏற்பாட்டாளர்கள் ஒரு வேலை கூடுதலாகத் தந்தார்கள். போன வருடம் வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவருடைய வெற்றிக் கதையைப் படத்தோடு கொண்டு வர வேண்டும். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் நிரோசன். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கப் பொடியன், இருபத்தேழு வயது. தகப்பனும் தமையனும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் மேசன் வேலை பழகி, பிறகு வீடு கட்டும் கொந்தராத்துகளைத் தானே எடுக்கத் தொடங்கியவர். போன வருடம் முன்வரிசையில் இருந்து நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். அழைத்தேன்.

"வாங்கோ அக்கா. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீடு முடிச்சிருக்கிறன். நீங்கள் கட்டாயம் வந்து பாக்க வேணும்," என்றார். அந்தக் 'கட்டாயம்' எனக்குப் பெருமையாகத்தான் கேட்டது. எல்லாம் என் வாயின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழன் காலை 5.30க்குத் திருகோணமலையில் பஸ் ஏறினேன். ஹொரவப்பொத்தானை ஊடாக வவுனியாவுக்கு ஏறத்தாழ 95 கிலோமீற்றர், 410 ரூபா, 8.10க்கு இறங்கினேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் கடையில் பராட்டாவும் பிளேன்ரீயும். 8.45க்கு முல்லைத்தீவு பஸ். புளியங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டுத் திரும்பி, நெடுங்கேணியால் போகும் இந்தப் பஸ்தான் ஒட்டுசுட்டானுக்கு வசதி. 50 கிலோமீற்றர், 240 ரூபா, ஒன்றே முக்கால் மணித்தியாலம். இடப்பக்க யன்னலோரம் இருங்கள், வெயில் குறைவு. ஆனால் ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கும், துவாய் ஒன்று கட்டாயம்.

வழி நெடுகக் கட்டி முடியாத வீடுகள். சுவர் எழும்பிக் கூரை இல்லாதவை, கூரை வந்து கதவு இல்லாதவை. வேறு ஆட்கள் காட்டைப் பார்ப்பார்கள், நான் இதைத்தான் பார்ப்பேன். என்னுடன் வேலை செய்பவர்கள் இதை 'வாய்ப்பு' என்பார்கள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

ஒட்டுசுட்டான் சந்தியில் 10.30க்கு இறங்கி ஓட்டோ பிடித்தேன். வீடு இருக்கும் இடம் ஆறு கிலோமீற்றர், 800 ரூபா. ஓட்டோக்காரர் இரண்டு நிபந்தனை போட்டார். "நாலரைக்கு முந்தி வெளிக்கிட வேணும் அக்கா. அஞ்சு மணிக்குப் பிறகு யானை ரோட்டுக்கு ஏறிச்செண்டா நான் வரமாட்டன்." இரண்டாவது, அரைக் கிலோமீற்றர் மணல் ஒழுங்கை, தேவைப்பட்டால் இறங்கித் தள்ள வேண்டும். சம்மதித்தேன்.

"ஆற்ற வீடு?" என்று கேட்டார்.

"யோகம்மா வீடு. புதுசா சிலாப் போட்டுக் கட்டினது," என்று நிரோசன் சொல்லித் தந்ததைச் சொன்னேன்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஓ, தொந்தி வீடோ!"

எனக்கு விளங்கவில்லை. என்னவென்று கேட்பதற்குள் ஓட்டோ வாசல் படலையில் நின்றது.

யோகம்மா அறுபது வயது மதிக்கத்தக்க விதவை. மகளோடும் பேத்தியோடும் இருக்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி கட்டிக் கொடுத்த வீடு. பின்பக்கம் ஓடு, முன் மண்டபத்துக்கு மட்டும் கொங்கிறீற் சிலாப், பிறகு மேலே ஒரு அறை எடுக்கலாம் என்ற கணக்கில். நீலப் பெயின்ற், புது யன்னல் சீலை, வாசலில் காய்ந்த மாவிலைத் தோரணம். நிரோசன் வெளுத்த சேட்டோடு படலையில் நின்றார். என்னுடைய கமராவைப் பார்த்ததும் முகம் இறங்கியது.

மண்டபத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். சிலாப்பின் நடுப்பகுதி தொந்தி மாதிரிக் கீழே இறங்கியிருந்தது. நூல் ஒன்று கேட்டு வாங்கி, சுவருக்குச் சுவர் இழுத்துப் பிடித்துப் பார்த்தோம். பதினான்கு அடி அகலத்தில் மூன்று அங்குலத்துக்குக் கிட்டத் தொய்வு. நடுவால் ஒரு வெடிப்பு, அதிலிருந்து கிளை கிளையாக நாலைந்து. அதற்கு நேர் கீழே பேத்தியின் படிப்பு மேசை.

"எப்ப போட்டது? எப்ப முட்டுத்தடி கழட்டினது?"

நிரோசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பத்தாம் நாள் அக்கா."

வாசிப்பவர்களில் கட்டடம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஈரக் கொங்கிறீற் இறுகும்வரை அதைக் கீழிருந்து பலகையும் முட்டுத்தடியும் தாங்கும். இந்த அகலத்துக்கு அவற்றைக் குறைந்தது மூன்று கிழமை விட வேண்டும், நான் என்றால் இருபத்தெட்டு நாள் விடுவேன். அதுவரை தண்ணீர் காட்ட வேண்டும். இது நிரோசனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நடந்தது இதுதான். கனடாத் தம்பி லீவில் வந்தது ஆனி மாதம். அவர் நிற்கும்போதே பால் காய்ச்சிக் குடிபூர வேண்டும். ஆடி பிறந்தால் குடிபூர முடியாது, ஆவணிவரை நிற்க அவருக்கு லீவு இல்லை. பஞ்சாங்கம் பார்த்து ஆனி கடைசிக் கிழமையில் ஒரு நாள் குறித்தார்கள். இடையில் மணல் ஏற்றும் உழவு இயந்திரங்களுக்கு அனுமதி கிடைக்காமல் வேலை இரண்டு கிழமை நின்றது. குறித்த நாள் மட்டும் அசையவில்லை. சிலாப் போட்டுப் பதினோராம் நாள் குடிபூரல். முட்டுத்தடிக் காட்டுக்குள் ஐயர் எங்கே இருந்து ஓமம் வளர்ப்பார்? அதற்கு முதல் நாள் நிரோசன் கழற்றினார். கிணற்றில் தண்ணீர் குறைவு, கச்சான் காற்று வேறு. சிலாப்பின் மேல் விரித்த ஈரச் சாக்கும் நாலு நாளோடு சரி.

"உங்களுக்கு ஆடியும் இல்லை, ஆனியும் இல்லை. நீங்கள் ஏன் நிரோசன் ஓம் எண்டு சொன்னனீங்கள்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்கில்லை அக்கா, அவைக்கு இருக்குத்தானே," என்றார். பிறகு, குறை சொல்கிற மாதிரியே இல்லாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "நீங்கள்தானே சொன்னனீங்கள், சொன்ன நாளைத் தப்ப விடாதேங்கோ, சொன்ன நாளில வீட்டுத் திறப்பைக் கையில குடுத்தாப் பேர் தன்ர பாட்டில வருமெண்டு. நான் அதைத்தான் பிடிச்சனான்."

சொன்னேன். அதே வசனம். ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், கைதட்டுகிறார்கள். நாள் தவறுகிறவர்கள்தான் இந்தத் தொழிலின் வியாதி என்று நினைத்திருந்தேன். நாளைப் பிடிப்பதற்காகத் தன் கைவேலையின் அறிவையே விட்டுக்கொடுக்கும் ஒருவர் முன்வரிசையில் இருப்பார் என்று நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

யோகம்மா தேத்தண்ணி கொண்டு வந்தார். "நிரோசன் தம்பியில பிழை சொல்லாதேங்கோ பிள்ளை. அவர் ரெண்டு தரம் சொன்னவர், இன்னும் பத்து நாள் தாங்கோ எண்டு. நாங்கள்தான் ஆடிக்கு முந்தி வேணுமெண்டு ஒற்றைக்கால்ல நிண்டனாங்கள். இப்ப மூண்டு பேரும் குசினிக்குள்ளதான் படுக்கிறம்."

தொலைபேசியில் சொன்ன அந்தக் 'கட்டாயத்துக்கு' அர்த்தம் கிணற்றடியில்தான் தெரிந்தது. நிரோசன் என்னை அங்கே தனியாகக் கூட்டிப் போனார். "அக்கா, நீங்கள் இஞ்சினியர். கீழால முட்டுக் குடுத்துப் பூசி விட்டாக் காணுமெண்டு ஒரு சொல்லுச் சொன்னா அம்மா நம்புவா. ஊரும் நம்பும். இந்த ஒழுங்கையில இன்னும் ரெண்டு வீடு எனக்குத் தாறமெண்டு சொன்னவை, இப்ப யோசிக்கினம். நீங்கள் சொன்னாத்தான் நான் இந்தத் தொழில்ல நிப்பன்."

திரும்பப் போய், சுத்தியலால் நாலைந்து இடம் தட்டிப் பார்த்தேன். உண்மையில் எனக்கும் ஆசையாக இருந்தது, கணீரென்று நல்ல சத்தம் கேட்காதா என்று. கேட்கவில்லை. உள்ளே பிடிப்பு விட்ட பொள்ளல் சத்தம்தான். பேத்தியின் மேசையை ஒருமுறை பார்த்தேன்.

"உடைக்க வேணும் நிரோசன். இண்டைக்கே கீழால முட்டுத்தடி குடுங்கோ, ஒருத்தரும் உள்ளுக்குப் போகக் கூடாது."

அவர் வாதாடவில்லை. "சரி அக்கா," என்றார். யோகம்மாதான் அழுதார். நிரோசன் வீட்டின் பின்னால் போய், மூலையில் அடுக்கியிருந்த தடிகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி வந்தார். நானும் பிடித்தேன். மூன்று மணிவரை இருவருமாக முட்டுக் கொடுத்தோம். வெளிக்கிடும்போது படலையில் வைத்துச் சொன்னார். "நானே உடைச்சுத் துப்பரவாக்கிக் குடுக்கிறன். புதுசைப் போட வேற ஆளைப் பிடிச்சு விடுறன், என்ர கையால போட்டா அவை கீழ படுக்கமாட்டினம். பிறகு அண்ணாவோட கடலுக்குப் போறன் அக்கா."

"கொஞ்சம் பொறுங்கோ, இன்னொரு வீடு..." என்று தொடங்கினேன். ஊக்கம் கொடுப்பது எனக்குப் பழகிப்போன காரியமில்லையா? அவர் என் முகத்தைப் பார்த்தார். நிறுத்திவிட்டேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் 24 கிலோமீற்றர், 120 ரூபா. 4.20 பஸ் கிடைத்தது. மாங்குளத்தில் மாறிக் கிளிநொச்சி, 150 ரூபா, ஆறு மணிக்குச் சற்று முன்னால் இறங்கினேன். தங்குமிடம் 3,500 ரூபா, சுத்தம். சாப்பாடு இறங்கவில்லை, அது கடைக்காரரின் பிழை இல்லை.

வெள்ளி காலை 9 மணிக்கு வகுப்பு. முப்பது பேர் அளவில். வெற்றிக் கதை கொண்டு வரவில்லை என்றேன். ஏற்பாட்டாளரின் முகம் சுருங்கியது. பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன், என் பேச்சின் பங்கையும் சேர்த்து. விசுவமடுவில் அச்சுப் போட்டுச் சீமெந்துக் கல் அரியும் ஒரு பெண், வயது இருபத்துமூன்று இருக்கும், எழுந்தார்.

"மிஸ், நாளைத் தள்ளுங்கோ எண்டா வேலை வேற ஆளுக்குப் போயிடும். தள்ளாட்டி இப்பிடி நடக்கும். அப்ப நாங்கள் எதைச் செய்யிறது?"

ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முட்டு நிற்க வேண்டும் என்று முதலே எழுதி, கையொப்பம் வாங்குங்கள் என்றேன். பின்வரிசையில் ஒருவர், "எழுத்தைக் காட்டி ஆடியை மறிக்கேலுமே மிஸ்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பதில் வரும் என்று நின்றுகொண்டே இருந்தார், பிறகு தானாகவே கதிரையில் இருந்துவிட்டார். இந்த வருடம் கைதட்டல் இல்லை.

வன்னிக்கு இந்த மாதிரிப் பயணம் போகிறவர்களுக்குச் சில சொற்கள். மாங்குளம் பக்கப் பஸ்கள் பின்னேரத்தில் குறைவு, 4.20 பஸ்ஸைத் தவறவிடாதீர்கள். ஒழுங்கைகளுக்குள் போனால் ஓட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இரண்டு போத்தல். பேசப் போகிறீர்கள் என்றால், பேசிய வருடம் முடிவதற்குள் ஒருமுறை திரும்பிப் போய், கேட்டவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். படம் எடுக்கப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள்.

போன கிழமை யோகம்மா அழைத்தார். சிலாப்பை நிரோசன் நாலு நாளில் தனியாக உடைத்து, கல்லும் கம்பியும் பிரித்து அடுக்கிவிட்டுப் போய்விட்டாராம். அவருடைய தொலைபேசி இப்போது கரையில் நிற்கும்போது மட்டும்தான் வேலை செய்யும் என்றார். நான் இன்னும் அவருக்கு எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்தால் சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது. பஞ்சாங்கத்தோடு ஒரு தாய், விமான ரிக்கெற்றோடு ஒரு தம்பி, மணல் வராத இரண்டு கிழமை. அந்த முற்றத்தில் இருபத்தேழு வயதில் நான் நின்றிருந்தால், நானும் பத்தாம் நாள் கழற்றியிருப்பேன். அன்று கிணற்றடியில் வைத்து அதைச் சொல்லியிருக்க வேண்டும். உடைக்கச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை.