தேவநேசன் இறக்கிய சுருதி

ஆரணி கொசப்பாளையத்து தேவநேசன் பிறந்தது 1946 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. தகப்பனார் பட்டு நெசவு. மகன் மாதா கோயில் ஆர்மோனியத்தில் கைபழகி, 1974 காணும் பொங்கலன்று எலக்ட்ரிக் ஆர்கனோடு முதல் மெல்லிசைக் கச்சேரி செய்தார். வாசித்துக்கொண்டே பாடுவார். சோகப் பாட்டை எடுத்தால் கூட்டத்தில் கடலை மெல்லும் சத்தம் நின்றுவிடும். ஐந்தே வருஷத்தில் போளூர், வந்தவாசி, தெள்ளார் திருவிழாக்காரர்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

தொடங்கும் பாட்டு எப்போதும் ஒன்றுதான், அவரே மெட்டுப் போட்டது. அதை இரண்டரைக் கட்டை சுருதியில் பாடுவார். 1979 நவம்பரில் சேத்துப்பட்டில், மேடை ஏறுமுன், தபலாக்காரர் அய்யாக்கண்ணுவிடம் குனிந்து, "ரெண்டுக்கு எறக்கிக்க" என்றார்.

அய்யாக்கண்ணு சின்னச் சுத்தியலால் தட்டி இறக்கிக்கொண்டார். பாடுகிறவரும் ஆர்கன் வாசிக்கிறவரும் ஒரே ஆள். விரலை நகர்த்தி வைத்தால் தீர்ந்தது. குரல் இறங்குவது ஜனங்களுக்குத் தெரியாது. தபலாவைச் சுருதி சேர்க்க வேண்டிய அய்யாக்கண்ணு ஒருவருக்குத்தான் தெரியும்.

1981 ஆடியில் ஒன்றரைக் கட்டை.

"இன்னாண்ணா, மறுபடியும் எறக்கமா?"

"பனி. தொண்ட கட்டிகினு கீது."

"ஆடி மாசத்துல இன்னா பனி?"

"உன் வேல தபலா. பேஜார் பண்ணாத."

1982 டிசம்பரில் ஒரு கட்டை. பழைய தபலாவின் தோல் தொய்ந்து சத்தம் செத்துப்போனது. அய்யாக்கண்ணு வாய் அகன்ற வேறொன்று வாங்கினார். அந்த வாரமே தேவநேசனின் மனைவி பாக்கியமேரி அய்யாக்கண்ணுவைத் தெருவில் நிறுத்தினாள்.

"அண்ணே, எச்சில்ல ரத்தம் வருது. டாக்டர்கிட்ட வரமாட்டேன்றாரு. மேடையில ஒழுங்கா பாடறாரா?"

"நல்லாத்தாம்மா பாடறாரு."

அன்று அய்யாக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை.

1983 ஆகஸ்ட் 12, கடைசி ஆடி வெள்ளி, போளூர். தேவநேசனின் பேச்சே துணி கிழிகிற மாதிரி இருந்தது.

"இன்னும் அரைக் கட்டை எறக்கு."

"தபலா எறங்கும்ணா. நான் எறக்க மாட்டேன்."

"ஜனங்க காத்துகினு கீறாங்க, அய்யாக்கண்ணு."

"இருக்கட்டும். உன் சம்சாரத்துகிட்ட ஒரு தடவ பொய் சொல்ட்டேன். இன்னொரு தடவ முடியாது."

தேவநேசன் ஒரு கட்டையிலேயே ஆரம்பித்தார். முதல் வரி வந்தது. இரண்டாம் வரி மேலே ஏறும் இடத்தில் உதடு அசைந்தது, குரல் இல்லை. விரல்கள் மட்டும் வரியை முடித்தன. மைக் கெட்டதென்று கூட்டம் விசிலடித்தது. மைக்செட்காரர் ஓடிவந்து குமிழைத் திருகினார்.

16ஆம் தேதி வேலூரில், டாக்டர் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"எப்போலேர்ந்து?"

தேவநேசன் ஆறு விரல் காட்டினார், ஆறு மாதம் என்று.

"இல்லீங்க டாக்டர்," என்றார் அய்யாக்கண்ணு. "எழுபத்தொம்போது நவம்பர்லேர்ந்து."

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தாகூட குரலைக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப குரல்வளையையே எடுத்தாகணும்."

தேவநேசன் டாக்டரைப் பார்க்கவில்லை. அய்யாக்கண்ணுவைத்தான் பார்த்தார்.

ஆபரேஷன் 22ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி. சம்மதச் சீட்டில் பாக்கியமேரி கையெழுத்திட்டாள், சாட்சிக்கு அய்யாக்கண்ணு. அன்று விடிந்ததிலிருந்து, நர்ஸம்மா இரண்டு முறை அதட்டியும் கேளாமல், கட்டிலில் உட்கார்ந்து தேவநேசன் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.