மணிக்கு இத்தனை கிராம் புகை

எங்கள் வீட்டில் இரண்டு பயங்கள் குடியிருந்தன. கரண்ட் போய்விடும் என்பது என்னுடையது. புகை என்பது மனைவியுடையது. இரண்டுக்கும் நடுவில் ஏழு வயதில் எங்கள் மகள் இருந்தாள். அவளுக்கு முட்டு; டொக்டர்கள் ஆஸ்மா என்பார்கள். குளிர்காற்றோ புகையோ பட்டால் போதும், நெஞ்சுக்குள் யாரோ சின்ன விசில் ஊதுவதுபோலச் சத்தம் கேட்கும்.

என் பயம் சும்மா வந்ததல்ல. மொன்றியலுக்கு வந்த புதிதில் ஒரு தை மாதம் பனிமழை கொட்டி, மரமெல்லாம் கண்ணாடியாகி, மின்கம்பிகள் அறுந்து, நாட்கணக்காகக் கரண்ட் இல்லாமல் போனது. அப்போது நான் தனியாள். அடைக்கலம் கொடுத்த ஒரு பள்ளிக்கூட ஜிம்மில், இருந்த ஐந்து சட்டையையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வெங்காய மூட்டைபோலக் கிடந்தேன். அந்தக் குளிர் என் முழங்காலுக்குள் ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டது.

அதனால்தான் பிறகு மொன்றியல் தீவின் மேற்குப் பக்கம் வீடு பார்க்கப் போன அன்று, கூரை ஒழுகுமா, நிலக்கீழறையில் ஈரம் இருக்கிறதா என்று ஒன்றையும் நான் பார்க்கவில்லை. இருப்பறையில் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன இரும்பு விறகு அடுப்பைக் கண்டேன். ஓம், வாங்கிறம் என்றுவிட்டேன். கூரை ஒழுகியது வேறு கதை.

முதல் மாரிக் குளிரிலேயே அந்தக் கிழட்டு அடுப்பு தன் குணத்தைக் காட்டியது. கதவைத் திறந்தால் பாதிப் புகை புகைபோக்கிக்குப் போகும், பாதி எங்களோடு இருந்து தொலைக்காட்சி பார்க்கும். ஒரு சனிக்கிழமை மகளின் விசில் நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டொக்டர் பிள்ளைக்கு மருந்துப் புகை பிடிக்கக் கொடுத்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதுண்டா என்று. இல்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

"விறகு எரிக்கிறீர்களா?"

நான் கூரையைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். மகள் முகமூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நல்ல பிரெஞ்சில், அடுப்பின் நிறம், புகையின் மணம், அப்பா அதைக் கொளுத்தும்போது சொல்லும் கெட்ட வார்த்தை உட்பட, சகலத்தையும் ஒப்புவித்தாள்.

வீடு திரும்பும் வழியில் மனைவி ஒரே ஒரு வசனம்தான் பேசினாள்.

"அடுப்பு வேணுமோ, பிள்ளை வேணுமோ?"

"இரண்டும் வேணும்" என்று வாய் வரைக்கும் வந்தது. நான் முட்டாள்தான், ஆனால் அவ்வளவு முட்டாளில்லை.

கிழட்டு அடுப்பு போனது. ஆனால் காற்று கொஞ்சம் பலமாக வீசினாலும் நான் விளக்கைப் பார்ப்பேன். அது ஒருமுறை சிமிட்டினால் என் முழங்காலும் ஒருமுறை சிமிட்டும். கரண்ட் போய், ஹீட்டர் நின்று, வீடு குளிர்ந்து, அந்தக் குளிரிலே பிள்ளைக்கு முட்டு வந்தால்? புகையும் கூடாது, குளிரும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவால் ஒரு வழி தேடித்தான் ஒரு வருடம் அலைந்தேன்.

எனக்குத் துணை அண்ணை. சொந்த அண்ணன் இல்லை. மன்னார்க்காரர், டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் அடுக்களையில் வேலை, பெரிய வான் வண்டி வைத்திருந்தார், பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. என் பிரெஞ்சு "பொன்ஜூர்" என்று தொடங்கி "மெர்சி" என்று முடியும்; நடுவில் உள்ளதெல்லாம் கைதான். சென்ட் லோரன்ட் கிடங்கில் எனக்கு வேலை முடிந்ததும் அவர் வந்து ஏற்றிக்கொள்வார். அடுப்புக் கடை கடையாகப் போவோம்.

அங்கேதான் ஒரு புதுமை கண்டேன். ஒவ்வொரு அடுப்பின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மணிக்கு எத்தனை கிராம் புகை விடும் என்று அதில் எழுதியிருந்தது. தங்கத்தைக் கிராமில் நிறுப்பார்கள் என்று தெரியும். புகையைப் பிடித்துத் தராசில் வைப்பவர்களும் இந்த உலகத்தில் இருக்கிறார்கள். அன்றிலிருந்து எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. கடைகள் கொடுத்த விளக்கப் புத்தகங்களையெல்லாம் பஸ்ஸில் படித்தேன், கிடங்கில் பெட்டி அடுக்கும் இடைவேளையில் படித்தேன். புகையையே மறுபடி எரிக்கும் அடுப்பு, சல்லடைபோன்ற ஒன்றை வைத்துப் புகையைப் பிடிக்கும் அடுப்பு என்று சாதி சாதியாகப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். என்னோடு வேலை செய்தவர்கள் சாப்பாட்டு மேசையில் என்னைக் கண்டால் வேறு மேசைக்குப் போனார்கள்.

ஒரு கடைக்காரர் அகப்பட்டார். பெரிய மீசை, பொறுமை அதிலும் பெரிது. மரத்தூளை இறுக்கிச் செய்த குறுணியை எரிக்கும் அடுப்பு ஒன்றைக் காட்டினார். இருப்பதற்குள் ஆகக் குறைந்த புகை. நகரசபைக்கும் அதில்தான் பிரியமாம். அன்று கூட வந்திருந்த மனைவிக்கு முகம் மலர்ந்தது.

"குறுணியை ஆர் உள்ளுக்குப் போடுறது?" என்று கேட்டேன்.

அண்ணை மொழிபெயர்த்துக் கேட்டுச் சொன்னார். "மோட்டர் போடுமாம், தம்பி."

"மோட்டர் எதில ஓடும்?"

"கரண்டில."

"கரண்ட் நிண்டா?"

"மோட்டரும் நிக்கும்."

"கரண்ட் இருக்கிற நாளில எனக்கு என்னத்துக்கு அண்ணை அடுப்பு?"

இந்தக் கடைசிக் கேள்வியை அவர் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்து, கடையிலேயே மிகப் பெரிய விறகு அடுப்பின் முன்னால் போய் நின்றேன். எங்கள் சனத்தின் வழக்கம் அது. பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை எடுத்தால் இரண்டு சைஸ் பெரிதாக எடுப்போம். வளர்ந்துவிடும், அடுத்த வருடமும் போடலாம். மீசைக்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். பெரிய அடுப்பைச் சின்ன அறையில் வைத்தால் சூடு தாங்காமல் காற்றை அடைத்து அடைத்து எரிப்பீர்கள், அப்போது நெருப்பு மூச்சுமுட்டிப் புகையாகக் கக்கும்; சின்ன அடுப்பு நன்றாகக் கொழுந்துவிட்டு எரிந்தால் புகை வராது என்றார்.

"கேட்டீங்களே?" என்றாள் மனைவி. "அதுக்கும் முட்டு வருமாம்."

சின்னதையே எடுத்தோம். விறகைக் காய்ந்ததாகப் பார்த்து எடுக்கவேண்டும், இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கவேண்டும் என்றும் சொல்லித் தந்தார். "தேங்காய் தட்டி வாங்கிற ஆக்களுக்கு இவர் பாடம் எடுக்கிறார்" என்று அண்ணை என் காதுக்குள் சொன்னார். வானொலியில் புகைமூட்ட எச்சரிக்கை வந்த நாளில் எவ்வளவு நல்ல அடுப்பானாலும் கொளுத்தக்கூடாது என்பது கடைசிப் பாடம். இனிப் புதிதாக விறகு அடுப்புப் பூட்டவே விடமாட்டார்களாம் என்ற கதையும் அப்போது ஊரெல்லாம் அடிபட்டது. ஓடியோடி அனுமதிக் கடிதம் எடுத்தேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை அடுப்பைக் கொண்டுவந்து புகைபோக்கியோடு பூட்டினார்கள். பூட்டியவர் போகும்போது கையேட்டை என்னிடம் தந்து, முதல் பக்கத்தை விரலால் தட்டித் தட்டி ஏதோ சொன்னார். நான் "மெர்சி" சொல்லி அனுப்பினேன். ஒரு வருடம் படித்தவனுக்கு முதல் பக்கம் என்னத்துக்கு?

புது அடுப்பென்றால் பால் காய்ச்சிப் பொங்கவிடாமல் எப்படி? மனைவி கலண்டரைப் பார்த்தாள். ஞாயிறு காலை எட்டேகால் தொடக்கம் ஒன்பது வரை நல்ல நேரம். அண்ணையும் வந்தார்.

"நாங்கள் வேதக்காரர், சுவாமியாரைக் கூப்பிட்டுத் தண்ணி தெளிப்பம். நீங்கள் பாலையே ஊத்தப்போறியள்" என்றார்.

புதுப் பானை, ஒரு லீற்றர் பால், பானைக் கழுத்தில் மஞ்சள் துண்டு. மகள் கிழக்குப் பக்கம் நின்றாள். பால் அந்தப் பக்கம் வழிந்தால் முதலில் கத்தவேண்டியது அவள். எட்டு இருபதுக்குக் கொளுத்தினேன். எட்டரை ஆனது. பால் அசையவில்லை. எட்டே முக்கால். பால் என்னைப் பார்த்தது.

"நேரம் போகுது, இஞ்சாருங்கோ" என்றாள் மனைவி.

இன்னும் இரண்டு கட்டை வைத்தேன். காற்று வரும் பிடியை முழுதாகத் திறந்தேன். இன்னும் இரண்டு வைத்தேன். அடுப்பு உறுமியது. அப்போது ஒரு மணம் வந்தது. புதுச் செருப்பைத் தணலில் போட்டதுபோல ஒரு மணம். அடுப்பின் கறுப்பு உடம்பெல்லாம் மெல்லிய நீலப் புகை எழும்பியது.

"இது நோர்மல்" என்றேன். எதுவும் தெரியாதபோது நான் சொல்லும் சொல் அது.

பால் பொங்கியது. கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு, நாலு திசைக்கும் பாகுபாடில்லாமல் பொங்கியது. கொதிக்கிற இரும்பில் ஒரு லீற்றர் பால் கருகினால் எப்படியிருக்கும் என்பதை மணிக்கு எத்தனை கிராம் என்று எந்தச் சீட்டும் சொல்வதில்லை. புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. யன்னலுக்கு ஓடினேன். போன வாரம்தான் குளிர் வராமல் எல்லா யன்னலுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடாக்கி, மேளம்போல இழுத்து வைத்திருந்தேன். என்னுடைய கைவேலைகளில் ஒழுங்காக அமைந்தது அது ஒன்றுதான். நகத்தால் பிராண்டினேன். கிழியவில்லை.

அந்த அலறலுக்குள்ளும் எனக்கு விசில் கேட்டது.

"நீலப் பம்ப்!" என்று மனைவி கத்தினாள். பிள்ளை வாயால் இழுக்கும் முட்டு மருந்து அதற்குள்தான். அண்ணை பிள்ளையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். வானின் ஹீட்டரைப் போட்டார். மனைவி பம்பைப் பிடித்து, டொக்டர் சொல்லித் தந்த கணக்கில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். நான் செருப்பில்லாமல் பனியில் நின்றேன். பிள்ளையின் தோள் ஏறி இறங்குவதையே பார்த்தேன். ஏறும்போது நானும் ஏறினேன். அது இறங்கும் வரைக்கும் எனக்கு இறங்கத் தெரியவில்லை.

கால் மணித்தியாலம் போயிருக்கும். தோள் அடங்கியது. மகள் வான் கண்ணாடியை இறக்கி, எங்கள் கூரையைக் காட்டினாள்.

"அப்பா, மேல புகை இல்லை. எல்லாம் வீட்டுக்குள்ள."

உண்மை. புகைபோக்கி படுசுத்தமாக நின்றது.

அண்ணை உள்ளே போய்க் கையேட்டை எடுத்து வந்தார். முதல் பக்கத்தை வாசித்து நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். அடுப்பின் வர்ணம் முதல் சூட்டில்தான் இறுகும், அப்போது மணமும் புகையும் வரும், முதல் மூன்று தரமும் சின்ன நெருப்பே மூட்டவேண்டும், யன்னல்களைத் திறந்துவிடவேண்டும், சுவாச வருத்தம் உள்ளவர்கள் அந்த நேரம் வீட்டில் இருக்கக்கூடாது.

மனைவி என்னைப் பார்க்காமலே சொன்னாள். "ஒரு வருசமாப் படிச்சனீங்கள். முதல் பக்கத்தை மட்டும் ஆருக்கு விட்டு வைச்சனீங்கள்?" பிறகு, "இன்னொருக்கா பிள்ளைக்கு முட்டு வந்தா அடுப்பு றோட்டில கிடக்கும். சொல்லிப்போட்டன்."

அவளும் மகளும் இரண்டு நாள் அண்ணை வீட்டில் இருந்தார்கள். நான் தனியாக, தொப்பியும் கையுறையும் போட்டு, எல்லா யன்னலையும் திறந்துவைத்து, கையேடு சொன்னபடி சின்ன நெருப்பு மூட்டினேன். பிரதான வேலை பால் கரியைச் சுரண்டுவது. அதற்குப் பிறகு அடுப்பைக் கொளுத்த எனக்குத் துணிவு வரவில்லை. பளபளவென்று அது சும்மா நின்றது. அதன்மேல் மனைவி ஒரு பூச்சாடி வைத்தாள். அது பூச்சாடியல்ல, தீர்ப்பு என்று எனக்குப் புரிந்தது.

தையில் மழை பனியாக விழுந்தது. பகல் சாப்பாடு முடிந்த நேரம், விளக்கு ஒருதரம் சிமிட்டிவிட்டு அணைந்தது. அரை மணி, ஒரு மணி. சுவரோர ஹீட்டர்கள் குளிர்ந்தன. அண்ணைக்குப் போன் எடுத்தால், றோட்டெல்லாம் கண்ணாடி, வான் திரும்பாது என்றார். மகள் சட்டைக்கு மேல் சட்டையாக வெங்காயமாகிக்கொண்டிருந்தாள். ஒருமுறை இருமினாள். நானும் மனைவியும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தோம்.

மனைவி எழும்பிப் பூச்சாடியைத் தூக்கினாள்.

"கொளுத்துங்கோ."

நீலப் பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்துக் கணீர் என்றதை மட்டும் எடுத்தேன். கையேட்டில் இருந்தபடி பெரியவை கீழே, சுள்ளி மேலே, நெருப்பு உச்சியில். மூன்று நெருப்புக்குச்சி வீணானது. பிடித்தது. கண்ணாடிக் கதவுக்குள் கொழுந்து மேலே சுழன்றது. மகளின் மெத்தையை இழுத்து முன்னால் போட்டோம்.

ஒரு மணித்தியாலம் போனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புகைபோக்கியைப் பார்த்தால்தான் நெஞ்சு ஆறும் என்று வெளியே போய், வேலியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். காது விறைத்தது. ஒன்றும் இல்லை. ஒரு நூல் புகைகூட இல்லை.

நெருப்பு அணைந்து நூர்ந்துவிட்டது!

ஓடினேன். படியில் சறுக்கி விழுந்தேன். மிச்சத்தை நாலு காலில் ஏறி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தேன்.

"என்ன, என்ன?" என்று பதறினாள் மனைவி.

"புகையில்லை! ஒரு பொட்டுப் புகையில்லை!"

அவள் அடுப்பைப் பார்த்தாள். உள்ளே செம்மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எரிந்தது.

"புகை வரக்கூடாதெண்டுதானே ஒரு வருசம் திரிஞ்சனீங்கள்?"

தவழ்ந்து மெத்தைக்குப் போனேன். மகள் குப்புறப் படுத்திருந்தாள். முதுகில் மெதுவாகக் காதை வைத்தேன். மூச்சைப் பிடித்துக் கேட்டேன். இரும்பு சூடேறும் டிக், டிக். வெளியே மரக்கிளையில் பனி முறிகிற சத்தம். விசில் இருக்கிறதா? இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தேன்.

"அப்பா" என்றாள், கண்ணைத் திறக்காமல். "உங்கட காது ஐஸ். எடுங்கோ."

பின்னால் மனைவி நீலப் பம்பை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. நான் இன்னும் ஒரு மூச்சு கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.