கையெழுத்துப் போடாத மிஸ்

கொழும்பு கொட்டாஞ்சேனையில், தோட்டம் என்று சொல்லப்படும் எங்கள் நெருக்கமான வரிசை வீடுகளை உடைத்துவிட்டு அரசாங்கம் அங்கே எங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டியது. அதுவரை நாங்கள் ஹெந்தளையில் வாடகைக்கு இருந்தோம். கட்டி முடிந்தும் குடிபுக அனுமதி கிடைக்கவில்லை. பரிசோதிக்க வந்த தீயணைப்பு அதிகாரி, ஒரு சிங்களப் பெண், கையெழுத்திட மறுத்துவிட்டாராம். வீடுகளை வேறு யாருக்கோ கொடுக்கப் போகிறார்கள் என்றே எல்லோரும் கதைத்தோம்.

அடுத்த முறை அவர் வந்தபோது வழிமறித்தேன். "மிஸ், எங்கட வீட்டை ஆருக்குக் குடுக்கப் போறீங்க?"

அவர் கோபப்படவில்லை. தடுமாறிய தமிழில், "வீட்டில நடக்க ஏலாத ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

"ஓம், மாமியாரால ஏலாது. எங்களுக்கு ஏழாம் மாடி."

என்னை ஏழாம் மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு கதிரையில் உட்காரவைத்தார். அவரும் கட்டடத்துக் காவலாளியும் கதிரையோடு என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முதல் வளைவிலேயே கதிரை சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே இறுகிவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

"நெருப்பு வந்தா லிஃப்ட் ஓடாது. வேற படி இல்ல," என்றார் அந்த மிஸ், மூச்சு வாங்கியபடி.

அந்தக் கதிரையில் மாமியாரை நினைத்துப் பார்த்தேன்.

வெளிப்பக்கமாக அகலமான இன்னொரு படிக்கட்டு கட்டிய பிறகே சாவி கிடைத்தது. அதிகாரிகளை இன்றும் நான் லேசில் நம்புவதில்லை. ஆனால் யாராவது முடியாது என்றால், ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் சந்தேகப்படுகிறேன்.