பைப்பில் பனி பிடிக்காத பெட்டி

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரிப்பேர் பில்தான். விஷயம் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்காருவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் மன்னித்துவிடுங்கள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மே மாதம், மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நடந்தது இது. அப்போதே எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஃபிரிட்ஜ் மெக்கானிக். வேலை சுத்தமாக இருக்கும் என்று பேர் உண்டு. ஆனால் வாய் கிடையாது. யார் எது சொன்னாலும் சரிங்க என்று தலையாட்டிவிடுவேன். வாடிக்கைக்காரர் இன்னும் கொஞ்சம் கேஸ் விடச் சொன்னால், தேவையில்லை என்று தெரிந்தாலும் விடுவேன். எதிர்த்துப் பேச வேண்டிய இடம் வந்தால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

எங்கள் தொழிலில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியில் கேஸ் ஏற்றும்போது யாரும் எடை பார்ப்பதில்லை. உள்ளேயிருந்து மோட்டாருக்குத் திரும்பி வருகிற பைப்பின்மேல் கையை வைத்துக்கொண்டு கேஸைத் திறப்போம். பைப் முதலில் ஜில்லென்று ஆகும், பிறகு வேர்க்கும், பிறகு வெள்ளையாகப் பனி பூக்கும். பனி பூத்தால் வால்வை மூடுவோம். வாடிக்கைக்காரரும் வந்து அந்தப் பைப்பைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அதோடு வேலை முடிந்தது. பனி பிடிக்காத பைப்பை எங்கள் பக்கத்தில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த வருஷம் கோயம்புத்தூரில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். நாங்கள் காலங்காலமாகப் போட்டுக்கொண்டிருந்த கேஸ் வானத்தில் இருக்கிற ஓசோன் படலத்தை அரிக்கிறது, அதை நிறுத்திவிட்டு வேறு கேஸுக்கு மாற வேண்டும் என்பதுதான் வகுப்பு. எங்கள் ஊரிலிருந்து போனவன் நான் ஒருவன்தான். வரச்சொல்லி அழைத்தவரிடம் முடியாது என்று சொல்லத் தெரியாமல்தான் போனேன்.

பாடம் எடுத்தது ஒரு பெண். பொறியியல் படித்தவர், பீளமேட்டுப் பக்கம், முப்பது வயதிருக்கும். பழைய கேஸைப் பைப்பை வெட்டிக் காற்றில் விடாதீர்கள், சிலிண்டரில் பிடித்து வையுங்கள் என்று அவர் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்:

"ஏனுங்க மேடம், நான் காந்திபுரத்துல விட்ட கேஸு வானத்துக்குப் போறதுக்கு எத்தன பஸ் மாறோணுங்க?"

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்: "நீங்க ஒருத்தரு விட்டது போயிருக்காதுங்கண்ணா. உலகத்துல எல்லாரும் சேந்துல்லங்க விட்டோம்."

புது கேஸ் பழையதில் பாதி எடைகூட வேண்டாம். அதனால் தராசில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். பைப் வேர்க்கலாம், பனி பிடிக்கக் கூடாது. பனி வரட்டும் என்று கையை வைத்துக்கொண்டு நின்றால் வேண்டியதைவிட அதிகமாக ஏறி மோட்டார் திணறும், பெட்டியும் சரியாகக் குளிராது. இன்னொன்று, இந்தக் கேஸ் தீப்பிடிக்கும். பக்கத்தில் நெருப்பு ஆகாது. இது போதாதா? எங்கள் ஊர் மெக்கானிக்குகள் அதற்கு 'அடுப்பு கேஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பயிற்சியின் கடைசிப் பகுதியாக, அவரவர் ஊரில் ஒரு பெட்டியைப் புது கேஸுக்கு மாற்றிக் காட்ட வேண்டும். மேடம் வந்து பார்ப்பார். வேலை முடிகிறவரை வாய் திறக்க மாட்டார், கையும் வைக்க மாட்டார். ஆபத்தான தப்பு செய்தால் மட்டும் நிறுத்துவார்.

எனக்குக் கிடைத்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கூல்டிரிங்க்ஸ் கடை வைத்திருந்த அக்காவின் பாட்டில் பெட்டி. கணவர் தவறிய பிறகு அவர் தனியாக நடத்திய கடை அது. ஊட்டிக்குப் போகிற கூட்டம் அங்கேதான் இறங்கி ஏறும். வருஷம் முழுக்க ஓடாத வியாபாரம் அந்த ஒரு மாதத்தில் ஓடும். சரியாக அந்த மாதத்தில் பெட்டியில் லீக் ஆகிக் குளிர் நின்றுவிட்டது. புது கேஸைப் பற்றி நான் பாதி முழுங்கிப் பாதி சொன்னதைக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்:

"எந்த கேஸுங்கறது எனக்கு முக்கியமில்லீங்க தம்பி. நாளைக்குச் சனிக்கெழம. கூட்டம் வந்து எறங்கறப்ப பாட்டலு சில்லுனு இருக்கோணும். இல்லீன்னா எல்லாரும் எதுத்த கடைக்குப் போயிருவாங்க. அப்பறம் இந்த சீசனுக்கு என் கடைய யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். செய்தி பரவி ஊர் மெக்கானிக்குகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது எங்களில் மூத்தவர், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். அவர் கை வைத்தால் பைப் பேசும் என்பார்கள். மேடம் கடை ஓரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மிச்சமிருந்த பழைய கேஸைச் சிலிண்டரில் பிடித்தேன். லீக் இருந்த இடத்தை ஒட்டினேன். தீப்பொறி வரக்கூடிய சுவிட்ச், ரிலே எல்லாவற்றையும் மூடிய வகைக்கு மாற்றினேன். பம்ப் வைத்து உள்ளே இருந்த காற்றையெல்லாம் இழுத்தேன். கேஸைத் திறப்பதற்கு முன்னால் அண்ணன் கையில் இருந்த பீடியைப் பார்த்தேன். "அண்ணா, அத மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

"பாத்தீங்களாக்கா? வெடிக்கும்னு அவனே பயப்படறான்" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் வெளியே போய் பீடியை அணைத்துவிட்டு வந்தார்.

தராசில் சிலிண்டரை வைத்து அளவாக ஏற்றினேன். தராசு முள் சொன்ன அளவுக்கு வந்ததும் மூடினேன். மோட்டார் சத்தமில்லாமல் ஓடியது. கூட்டத்துக்கு அது போதவில்லை. ஒவ்வொருவராக வந்து திரும்பும் பைப்பைத் தொட்டார்கள். பைப் வேர்த்திருந்தது. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் போனது. மறுபடி தொட்டார்கள். பனி வரவில்லை.

கேஸ் பத்தாது என்றார் ஒருவர். தராசு பொய் சொல்கிறது என்றார் இன்னொருவர். மளிகை எடை போடுகிறாயா மாப்பிள்ளை என்று ஒரு குரல். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இருபது வருஷம் பனியைப் பார்த்தே வேலையை முடித்த கை இது. கொஞ்சம் திறந்துவிட்டால் பனி வந்துவிடும், எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

அண்ணன் எழுந்து வந்தார். "தள்ளு கண்ணு, நான் விடறேன்" என்று சிலிண்டர் வால்வில் கையை வைத்தார்.

என்ன நினைத்தேனோ தெரியவில்லை. சிலிண்டரைக் கழற்றி எடுத்து, அவர் விட்டுப்போன ஸ்டூலிலேயே உட்கார்ந்து, மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். குழந்தையைப் பறிகொடுக்காமல் பிடிப்பதுபோல இருந்திருக்கும். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது.

"வேண்டாங்கண்ணா. அளவு சரியா இருக்குதுங்க. பாட்டல அடுக்கிப் பெட்டிய மூடிப்போட்டு சாயங்காலம் வரைக்கும் யாரும் தொறக்காதீங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னிடம் பேசாமல் அக்காவிடம் திரும்பினார். "பொட்டி உங்களுது. கெட்டுப் போச்சுன்னா நாளைக்கு ஏவாரம் உங்களுக்குத்தான் போகும். நீங்க சொல்லுங்க, நான் விடட்டுங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"இவரு எங்க கடைக்கு எத்தனையோ வருசமா வாராருங்க. ஒருநாளும் யாரையும் எதுத்துப் பேசுனதில்ல. சில்லுனு இல்லாத சோடாவக் குடுத்தாக்கூட குடிச்சுப்போட்டுப் போற மனுசன். இன்னைக்கு உங்களையே வேண்டாங்கறாருன்னா, அதுல ஏதோ இருக்குதுங்க. அப்படியே இருக்கட்டும்."

கூட்டம் கலைந்தது. சிலர் எதிர்க்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. சிலிண்டரை மடியிலிருந்து இறக்கவும் மனசில்லை. அக்கா பாட்டிலை வெளியே சூடாகவே விற்றுக்கொண்டிருந்தார். ஐஸ் இல்லையா என்று கேட்டவர்களிடம் நாளைக்கு வாங்க என்றார்.

வெயில் மலைப்பக்கம் சாய்ந்தபோது எல்லாரும் திரும்பி வந்தார்கள். நானே மூடியைத் திறந்தேன். குளிர் புகைபோல மேலே எழும்பி முகத்தில் அடித்தது. உள்சுவர் நான்கு பக்கமும் வெள்ளை வெளேரென்று பனி. வெளியே பைப்பில் ஒரு பொட்டுகூட இல்லை. எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது.

அக்கா அடியில் கைவிட்டு ஒரு பன்னீர் சோடாவை எடுத்து, உடைத்து, அண்ணனிடம்தான் முதலில் நீட்டினார். அண்ணன் ஒரு வாய் குடித்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். என்ன ஆச்சு என்று எல்லாரும் பதறினோம்.

"பல்லு கூசுதப்பா" என்றார்.

அந்தச் சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணனும் சிரித்தார். மிச்சத்தைக் குடித்து முடித்துவிட்டு, மோட்டார்மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடு குறைவாக இருந்தது. "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வாங்க முடியாது. அக்கா மூடியை இரண்டு மூன்று தடவை திறந்து திறந்து பார்த்தார். குளிர் போயிரும் மூடுங்கக்கா என்று அவரையும் அதட்டினேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு தைரியம் வந்திருந்தது.

மேடம் அப்போதுதான் பின்னால் கட்டிய கையை அவிழ்த்தார். "நீங்க சிலிண்டரத் தூக்காம இருந்திருந்தா நான் வாக்கு மீறிக் குறுக்க வந்திருப்பேனுங்க" என்றார்.

இன்றைக்கும் நான் பெரிய பேச்சுக்காரன் ஆகிவிடவில்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன். ஆனால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை நூறு பேர் சேர்ந்து இல்லை என்றாலும் இப்போது என் கை அவர்கள் பின்னால் போவதில்லை. ஓசோன் படலத்தை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை. அதற்காக நான் செய்தது இத்துனூண்டு வேலைதான், அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

மறுநாள் சனிக்கிழமை, மதியத்துக்குள் அக்கா கடையில் பாட்டில் தீர்ந்துவிட்டது. எங்கள் ஊர் மெக்கானிக்குகள் நான்கு பேர் அடுத்த வகுப்புக்குப் பேர் கொடுக்கக் கோயம்புத்தூர் பஸ் ஏறினார்கள். அண்ணன் போகவில்லை.